திரும்பி வரும் படகு: கொடைக்கானல் மலையில் ரிமோட் படகு செய்து விட்டுப் பார்க்க

ரிமோட் படகு செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது மோட்டாரைத்தான். எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), எவ்வளவு வேகம் போகும் என்றுதான் பேச்சு தொடங்கும். வேகம் அப்புறம். படகைத் தண்ணீரில் ஓட வைப்பது பெரிய விஷயமில்லை, அது கரைக்குத் திரும்பி வர வேண்டும். கொடைக்கானல் மலையில் இது இன்னும் முக்கியம். தண்ணீர் கை விறைக்கும் அளவுக்குக் குளிர்ந்தது, கரையோரம் நீர்க்கொடி, மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. நடுத்தண்ணீரில் நின்றுபோன படகை நீந்திப் போய் எடுக்கலாம் என்ற எண்ணமே இங்கே கூடாது. ஆகவே பலகை வெட்டுவதிலிருந்து பேட்டரி வாங்குவது வரை, "இது கோளாறானால் படகு எப்படிக் கரைக்கு வரும்?" என்று கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

இங்கே சொல்வது 60 செ.மீ. நீளமுள்ள ஒரு எளிய படகு. வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம், ஒரு ஆளாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம், சின்ன அலையையும் தாங்கும்.

எங்கே விடப் போகிறீர்கள்?

இதைப் பலகை வாங்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். கொடைக்கானல் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது ஊர் நடுவில் இருக்கும் ஏரி. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் அமைத்தது, சுமார் 60 ஏக்கர். முதல் ஓட்டத்துக்கு அது சரிப்பட்டு வராது. பெடல் படகுகளும் துடுப்புப் படகுகளும் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். ஏரி நட்சத்திர வடிவம் என்பதால் உங்கள் படகு ஒரு கைக்குள் திரும்பிவிட்டால் கரையில் நிற்கும் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. பின்னாளில் அங்கே விட ஆசையிருந்தால் நகராட்சியிடம் கேட்டுவிட்டு, படகு சவாரி தொடங்கும் முன் காலையில் விடலாம். பேரிஜம் காட்டுக்குள் இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளேயே போக முடியாது. அதை விட்டுவிடுங்கள். மன்னவனூர் ஏரியும் வனத்துறையின் பொறுப்பில் உள்ள சுற்றுலா இடம்தான். கேட்காமல் தண்ணீரில் எதையும் இறக்கக் கூடாது.

கற்றுக்கொள்ள ஏற்ற இடம் தோட்டத்துக் குட்டை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலை முழுக்க கேரட், உருளை, பூண்டுத் தோட்டங்களுக்குத் தண்ணீர் தேக்கி வைத்திருப்பார்கள். தோட்டக்காரரிடம் முறையாகக் கேளுங்கள்: "அண்ணே, குட்டையில சின்ன ரிமோட் போட் ஒண்ணு விட்டுப் பாத்துக்கட்டுமா? மோட்டார் போடுற நேரம் எதுன்னு சொன்னீங்கன்னா அதுக்கு முன்னாடியே எடுத்துர்றோம்." மோட்டார் நேரத்தைக் கேட்பது மரியாதைக்கு மட்டுமில்லை. பம்பு தண்ணீரை உறிஞ்சும் குழாய்ப் பக்கம் படகு போனால் இரண்டுக்குமே கேடு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டை பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் ஓரம் முழுக்க வழுக்கும். உள்ளே சறுக்கி விழுந்தவர் தானாக ஏறி வர முடியாது, பிடிக்க எதுவும் இருக்காது. தனியாகப் போகாதீர்கள். இடைவெளி விட்டு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை மேலே மரத்திலோ கல்தூணிலோ கட்டி, மறுமுனையைத் தண்ணீர் வரை தொங்க விட்ட பிறகே பெட்டியைத் திறங்கள். பிள்ளைகளோடு போனால் அவர்கள் விரிப்பின் மேல் கால் வைக்கக் கூடாது. படகை இறக்குவதும் எடுப்பதும் பெரியவர் வேலை.

எவ்வளவு எடை தாங்கும்?

இந்தக் கணக்கைத் தாளில் போடாமல் தொடங்குகிறவர்கள்தான் பிற்பாடு பேட்டரியை எங்கே வைப்பது என்று தடுமாறுகிறார்கள். நீளம் 60 செ.மீ., அகலம் 18 செ.மீ. முழுச் செவ்வகமாக இருந்தால் பரப்பு 1,080 சதுர செ.மீ. முன்மூக்கு கூர்மையாகப் போவதால் அதில் 80 சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள், 864 சதுர செ.மீ. ஒரு கன செ.மீ. தண்ணீர் ஒரு கிராம். அதாவது படகு ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழும்போதும் ஏறத்தாழ 864 கிராமைத் தாங்குகிறது. 3 செ.மீ. அமிழ்ந்தால் சுமார் 2.6 கிலோ. நம் படகின் மொத்த எடைக்கு அதுதான் இலக்கு.

உடல் 700 கிராம், மோட்டார் 200, அவசர விளக்கில் வரும் 6 வோல்ட் பேட்டரி முக்கால் கிலோ, மற்ற சாமான்கள் கால் கிலோ என்று கூட்டினால் 1.9 கிலோ வரும். மிச்சம் 700 கிராமுக்கு அடிப்பலகையின் மேல் ஈயத்துண்டோ பழைய இரும்புத் தகடோ வைக்கலாம். எடையைக் குறைத்தால்தான் நல்லது என்று நினைக்காதீர்கள். மேல்மலைக் காற்றில் கனம் குறைந்த படகு திசை நிற்காது, அடியில் இருந்து தண்ணீரைத் தள்ளும் விசிறியும் பாதி காற்றில் சுற்றும்.

உடல்

விளம்பரப் பலகை செய்கிற கடைகளில் சன்போர்டு என்று வெள்ளையாக ஒரு பலகை கிடைக்கும். கத்தியாலேயே வெட்டலாம், தண்ணீரில் ஊறாது. கொடைக்கானலில் கிடைக்காவிட்டால் வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ கேளுங்கள், வெட்டியது போக மிஞ்சிய துண்டே நமக்குப் போதும். அடிக்கு 5 மி.மீ., பக்கங்களுக்கும் மேல்தளத்துக்கும் 3 மி.மீ. பலர் தெர்மாகோலைச் செதுக்கிப் படகு செய்கிறார்கள். அந்த வெள்ளை மணிகள் காற்றில் பறந்து ஓடையில் விழுந்தால் பொறுக்கி எடுக்கவே முடியாது. இந்த மலைத் தண்ணீர்தான் கீழே ஊர்களுக்குப் போகிறது. ஆகவே உடலுக்குத் தெர்மாகோல் வேண்டாம்.

அடிப்பலகையில் பின்முனையிலிருந்து 32 செ.மீ. வரை அகலம் 18 செ.மீ. ஆகவே இருக்கட்டும். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்து மூக்கில் கூடட்டும். ஒரு பக்க வளைவைக் காகிதத்தில் வரைந்து வெட்டி, அதையே திருப்பிப் போட்டு மறுபக்கமும் வரைந்தால் இரண்டும் ஒத்துப்போகும். இதில் அரை சென்டிமீட்டர் பிசகினாலும் படகு எப்போதும் ஒரு பக்கமாகவே இழுக்கும். பக்கப் பலகைகள் 10 செ.மீ. உயரம். வளைய வேண்டிய பகுதியில் கொதிநீரை மெதுவாக ஊற்றினால் பலகை இளகும். சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனாலும் இந்த வேலைக்கு அந்தச் சூடு போதும். கையுறை போட்டுக்கொண்டு வளைத்து, ஆறும் வரை டேப் ஒட்டிப் பிடித்து வையுங்கள்.

குறுக்கே இரண்டு தடுப்புகள் வேண்டும். ஒன்று மூக்கிலிருந்து 20 செ.மீ. உள்ளே, இன்னொன்று பின்பக்கம் சுக்கானுக்குச் சற்று முன்னால். முன் அறையில் தெர்மாகோல் துண்டுகளைப் பாலித்தீனில் சுற்றி அடைத்து நிரந்தரமாக மூடிவிடுங்கள். உடலுக்கு வேண்டாம் என்று சொன்ன பொருள் இங்கே மூடிய அறைக்குள் இருப்பதால் சிதறாது. பின்மூலைகள் இரண்டிலும் கொஞ்சம் வையுங்கள். மூக்கில் மட்டும் வைத்தால் தண்ணீர் புகும்போது பின்பக்கம் அமிழ்ந்து படகு செங்குத்தாக நிற்கும், பேட்டரி பிய்த்துக்கொண்டு விழும். எல்லாமாகச் சேர்த்து இரண்டு லிட்டர் அளவுக்குத் தெர்மாகோல் இருந்தால் உள்ளே முழுக்கத் தண்ணீர் நிறைந்தாலும் இந்தப் படகு மூழ்காது. தெர்மாகோலில் ஃபெவிகுயிக்கோ தின்னர் கலந்த பெயின்டோ பட்டால் கரைந்துவிடும், கவனம்.

ஒட்டும் வேலைக்கு வருவோம். இடம் பிடித்து நிறுத்த ஃபெவிகுயிக் பொட்டு வைக்கலாம், ஆனால் தண்ணீரைத் தடுக்கப் போவது அரால்டைட்தான். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு எடுத்து, நிறம் ஒரே சீராக வரும் வரை கலக்கி, ஒவ்வொரு மூட்டின் உள்பக்கமும் விரலால் வழித்துத் தடவுங்கள். குளிர்தான் இங்கே வில்லன். பத்து டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சமவெளியில் ஒரு இரவில் இறுகும் பசை, டிசம்பர் மாதக் கொடைக்கானலில் மறுநாள் மாலையும் பிசுபிசுவென்று இருக்கும். கலக்கும் முன் டியூபுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். ஒட்டி முடித்த படகை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, அட்டையில் படாமல் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொங்க விட்டால் உள்ளே இதமான சூடு நிற்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஆள் இல்லாத நேரம் பல்பை அணைத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெயின்ட் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரிக்கு மேல் காலையில் பனி உறைந்தாலும் பகலில் வெயில் காயும், அதுதான் நல்ல பருவம்.

நிறம் உங்கள் விருப்பம் என்று சொல்ல மாட்டேன். மேல்தளத்துக்கு ஆரஞ்சு அடியுங்கள். வெள்ளை, நீலம், சாம்பல் எல்லாம் பனிமூட்டத்தில் கரைந்துவிடும்.

ஷாஃப்ட்டும் சுக்கானும்

புதியவர் படகில் தண்ணீர் புகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே இங்கே அவசரப்படாதீர்கள். மோட்டாரின் சுழற்சியை விசிறிக்குக் கொண்டுபோகும் 4 மி.மீ. கம்பியும் (இதுதான் ஷாஃப்ட்) அது சுற்ற ஒரு பித்தளைக் குழாயும் சேர்ந்து செட்டாகவே ஆன்லைனில் கிடைக்கிறது, 30 செ.மீ. நீளம் வாங்குங்கள். குழாய் 12 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். பாகைமானி தேவையில்லை, ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 2.1 செ.மீ. உயர்ந்தால் 12 டிகிரி. விசிறி பின்முனையிலிருந்து 6 செ.மீ. உள்ளே, ஷாஃப்ட்டின் மையம் அங்கே அடிப்பலகைக்கு 1.8 செ.மீ. கீழே இருக்கும்படி வைத்தால், குழாய் அடிப்பலகையைத் துளைக்கும் இடம் பின்முனையிலிருந்து 14, 15 செ.மீ.யில் வரும். உள்முனை அடியிலிருந்து 4 செ.மீ.க்கு மேலே நிற்கும். படகு அமிழ்வது 3 செ.மீ.தான் என்பதால் குழாயின் உள்வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. படகு நிற்கும்போது குழாய் வழியே தண்ணீர் ஏறாததற்கு இதுதான் காரணம், கிரீஸ் அதற்குத் துணைதான்.

30 மி.மீ. விட்டமுள்ள விசிறி போதும். அதன் நுனிக்கும் அடிப்பலகைக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் ஒரே நேர்க்கோட்டில் வைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கை மாட்டும் முன், இரண்டு தண்டுகளையும் இறுக்கமாகக் கவ்வுகிற ஒரு சின்னக் குழாய்த் துண்டில் இருபக்கமிருந்தும் செருகுங்கள். அப்படியே மோட்டார் மேடையை ஒட்டிக் காய விடுங்கள். பசை இறுகிய பிறகு குழாயை எடுத்துவிட்டுக் கப்ளிங்கைப் போட்டால் கோடு மாறாது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, மோட்டார் தனியாக ஓடும்போது எவ்வளவு எடுக்கிறது, ஷாஃப்ட்டோடு ஓடும்போது எவ்வளவு எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண் நன்றாகக் கூடியிருந்தால் எங்கோ உரசுகிறது. காதுக்கும் தெரியும், நேராக இருந்தால் ரீங்காரம், கோணலாக இருந்தால் கடகட.

குழாய்க்குள் என்ன விடுவது? வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், கொடைக்கானலில் வருஷம் முழுக்கவே அது பாட்டிலில் கட்டிதான். இளகலான வெள்ளை கிரீஸ் வாங்கி, ஷாஃப்ட்டை வெளியே இழுத்து நீளம் முழுக்கப் பூசி, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள்.

சுக்கானுக்கு 4 செ.மீ. சதுரப் பித்தளைத் தகடு. அது விசிறிக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும், விசிறி தள்ளும் தண்ணீர் தகட்டில் அடிக்கும்போதுதான் மெதுவாகப் போகும் படகும் திரும்பும். சுக்கான் தண்டு போகும் குழாயின் மேல்வாயும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், அதே காரணம்தான். விசிறிக்கு முன்னால் ஒரு சாய்வான தகட்டுத் துண்டை அடியில் ஒட்டிவிட்டால் நீர்க்கொடியில் பாதியாவது விலகிப் போகும்.

மோட்டார், பேட்டரி, ரேடியோ

12 வோல்ட் 555 மோட்டார், 6,000 ஆர்பிஎம் சுற்றுவது. அதை 6 வோல்ட்டில் ஓட்டுங்கள். பாதி வேகத்தில் சுற்றும், சூடேறாது, பேட்டரி நீண்ட நேரம் வரும். இதற்கு மேல் வேகத்தை எதிர்பார்ப்பதில் பயனில்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை வைக்கிறது. 60 செ.மீ. படகுக்கு அது வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர், நாம் சாதாரணமாக நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் சக்தி கொடுத்தால் பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு தூக்கும், வேகம் அதிகமாகாது. இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 1870-களில் அங்கே டார்க்கி என்ற ஊரில் தொட்டி கட்டி, மெழுகில் செய்த கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்து ஆராய்ந்தது, படகு தானே எழுப்பும் அலையால் வரும் இந்தத் தடையைத்தான்.

பேட்டரிக்கு, அவசர விளக்கில் வரும் 6 வோல்ட் 4.5 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைச் சொல்கிறேன். கனமானது, அந்தக் கனமே நமக்குப் பாரமாக உதவுகிறது. முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் எளிதில் தீப்பிடிக்காது. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு மாறுவதென்றால் 2 செல், 7.4 வோல்ட். அதற்கென்று உள்ள சார்ஜரில் மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். செல்லுக்கு 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். எந்த பேட்டரியானாலும் குளிரில் தரும் சக்தி குறையும். காலையில் கிளம்பும்போது ஸ்வெட்டருக்குள் வைத்துக் கொண்டுபோகலாம், சும்மா சொல்லவில்லை, நன்றாகவே வேறுபாடு தெரியும்.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலர் நம் 555 மாதிரி பிரஷ் மோட்டாருக்கானது, ரிவர்ஸ் உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். கொடியில் சிக்கினால் பின்னால் சுற்றித்தான் விடுபட முடியும். சில கன்ட்ரோலர்களில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு குட்டி ஜம்பர் இருக்கும். ஈய பேட்டரிக்கு அதை நிக்கல் பக்கம் வையுங்கள், லிப்போ பக்கம் விட்டால் வோல்ட்டேஜ் குறைவு என்று நினைத்து நடுக்குளத்தில் நிறுத்திவிடும். லிப்போ போட்டால் மறக்காமல் மாற்றிவிடுங்கள். கார்களுக்கான கன்ட்ரோலர் சிலவற்றில் குச்சியை ஒருமுறை பின்னால் தள்ளினால் பிரேக், விட்டுவிட்டு இன்னொருமுறை தள்ளினால்தான் ரிவர்ஸ். அதையும் மேசையிலேயே பழகிக்கொள்ளுங்கள். பேட்டரியின் நேர்முனைக் கம்பியில் ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ். மோட்டாரின் இரு முனைகளிலிருந்தும் அதன் கூட்டுக்கு 104 என்று அச்சிட்ட செராமிக் கபாசிட்டர் ஆளுக்கொன்று, இரு முனைகளுக்கும் நடுவில் இன்னொன்று. ரிமோட்டின் சிக்னலைப் படகில் வாங்கும் ரிசீவருக்குத் தொந்தரவு தரும் மின்பொறி இரைச்சலை இவை அடக்கும்.

ரேடியோ அலையால் ஓட்டப்பட்ட வண்டி என்று உலகத்துக்கு முதலில் காட்டப்பட்டதே ஒரு சின்னப் படகுதான். 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா காட்டினார். இன்று நமக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் எளிதாகக் கிடைக்கிறது. ஃப்ளைஸ்கை ஐ6 மாதிரி ஆறு சேனல் செட் ஒன்று வாங்கினால் பல வருஷம் உழைக்கும். அது விமானத்துக்கான அமைப்பில் வருவதால் இடது குச்சி வைத்த இடத்திலேயே நிற்கும். கன்ட்ரோலரை மூன்றாம் சேனலில் செருகாமல் இரண்டாம் சேனலில் செருகுங்கள். வலது குச்சி விட்டதும் நடுவுக்கு வந்துவிடும், கை விட்டால் படகு நிற்கும். சுக்கானைத் திருப்பும் குட்டி மோட்டாரான சர்வோவை ஒன்றாம் சேனலுக்குக் கொடுத்தால் ஒரே கட்டைவிரலில் எல்லாம் முடிந்தது.

ஃபெயில்சேஃப் வைப்பதை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்று மெனுவில் பதிவு செய்துவிட்டு, விசிறி சுற்றும்போதே ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். விசிறி நின்றால்தான் அடுத்த வேலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது. ரிசீவரின் ஆன்டெனா கம்பிகள் நீர்மட்டத்துக்கு மேலே, மேல்தளத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று செங்கோணமாக இருக்கட்டும். ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு, கம்பிகள் வெளியே வரும் வாயை நூலால் கட்டிவிட்டால் சாரலுக்கும் உள்ளே படியும் ஈரத்துக்கும் அதுவே காப்பு.

சோதனை: ஒவ்வொரு படியாக

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு நேரே குளத்துக்குப் போகும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் வெறும் உடல். மோட்டாரும் மின்சாமானும் இல்லாமல், ஷாஃப்ட்டும் சுக்கானும் மட்டும் பொருத்தி, உள்ளே செய்தித்தாளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அதன் மேல் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகள் இரண்டும் அரைக் கிலோ ஒன்றும் வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டு அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் தாளில் அந்த இடம் கருத்துத் தெரியும். ஈரம் நடுவில் வட்டமாகத் தொடங்கியிருந்தால் ஷாஃப்ட் குழாயைச் சுற்றிய பசையில் ஓட்டை, ஓரத்தில் கோடாக ஓடியிருந்தால் பக்க மூட்டில். உடனே பென்சிலால் பலகையில் குறியுங்கள், காய்ந்த பிறகு இடம் தெரியாது. அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி அரால்டைட் பூசி, மறுபடி அரைமணி. தாள் மொறுமொறுவென்று வெளியே வரும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அடுத்தது சமநிலை. எல்லாச் சாமானையும் உள்ளே வைத்து மிதக்க விடுங்கள். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தினாலே மூக்கும் பின்பக்கமும் சமமாகிவிடும். பின்பக்கம் இம்மியளவு அதிகம் அமிழ்ந்தால் பரவாயில்லை, மூக்கு அமிழக் கூடாது. ஒரு பக்க விளிம்பை விரலால் தண்ணீர் தொடும் அளவுக்கு அமுக்கி விடுங்கள், உடனே நிமிர வேண்டும். மெதுவாகத் தயங்கி நிமிர்ந்தால் எடை உயரத்தில் இருக்கிறது, பாரத்தை அடிப்பலகைக்கு இறக்குங்கள். சரியானதும் பேட்டரியைப் பட்டையால் கட்டி, நீர்மட்டக் கோட்டைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். பிற்பாடு எப்போதாவது படகு அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, கட்டிப்போட்டு ஓட்டுவது. பின்பக்கத்தில் கயிறு கட்டித் தொட்டியின் விளிம்பில் மாட்டி, முழு வேகத்தில் ஐந்து நிமிடம். கயிறு விசிறிப் பக்கம் தொங்காமல் மேல்தளத்து உயரத்தில் இருக்கட்டும். நிறுத்தியதும் மோட்டாரைத் தொடுங்கள். ஐந்து வினாடி விரலை வைத்திருக்க முடிந்தால் சரி, சட்டென்று எடுக்க வேண்டியிருந்தால் விசிறி பெரிது அல்லது ஷாஃப்ட் உரசுகிறது. கன்ட்ரோலரையும் கம்பி இணைப்புகளையும் அப்படியே தொட்டுப் பாருங்கள்.

கடைசியாக ரேடியோ தூரம். தரையில் படகை வைத்து, விசிறியில் கை படாதபடி ஒருவர் காவல் நிற்க, நீங்கள் நூறு மீட்டர் நடந்து போய் சுக்கானை ஆட்டுங்கள். காவல் நிற்பவர் கையைத் தூக்கிக் காட்டட்டும். தண்ணீர் மட்டத்தில் இந்தத் தூரம் குறையும், ஆகவே குளத்தில் 50 மீட்டருக்குள்தான் ஓட்டம். ஆன்டெனாவின் நுனியைப் படகை நோக்கி நீட்டாதீர்கள், நுனிப் பக்கம்தான் அலை வலுவற்றது.

குளத்தில்

காலையில் போங்கள். பத்து, பதினொரு மணி வரை காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். எந்தக் கரையில் நிற்பது என்பதில்தான் பாதி வெற்றி. காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் கரையைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் கம்பி கழன்றாலும் காற்றே படகை உங்கள் காலடிக்குத் தள்ளிக்கொண்டு வரும். முதுகில் காற்று வாங்கிக்கொண்டு நின்றால் அதே காற்று படகை எதிர்க்கரைக் கொடிக்குள் கொண்டுபோய்ச் செருகிவிடும்.

முதலில் பாதி வேகத்தில் கரையோரமாகப் போய் வரட்டும். நேராகப் போகச் சொன்னால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்து டிரிம் பொத்தானால் சரிசெய்யுங்கள். படகு உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறும். குழப்பம் வந்தால் வேகத்தை விட்டுவிடுங்கள், படகு நிற்கும், யோசித்துத் திருப்பலாம். எட்டு வடிவம் போட வரும் வரை நடுவுக்கு அனுப்பாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரைக்கு வரவழைத்து மேல்தளத்தைத் திறந்து உள்ளே ஈரம் பாருங்கள். மலைச்சரிவில் மேகம் கீழே நகரத் தொடங்கியதும் படகைத் திருப்பிவிடுங்கள், அது குளத்தை எட்டும் வரை காத்திருக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு நின்றுபோனால்? கரையோரம் என்றால் நீளமான துரட்டி போதும். அதற்கும் எட்டாவிட்டால், குட்டையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள நைலான் கயிற்றில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக மூடிய காலி பாட்டில்களைக் கட்டி மிதக்க விடுங்கள். இரண்டு பேர் எதிரெதிர்க் கரையில் முனைகளைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக நடந்தால் கயிறு படகை வாரிக்கொண்டு ஓரத்துக்கு வந்துவிடும். யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். இந்தக் கயிறு இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பவே கூடாது.

ஓட்டம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, விசிறியில் சுற்றிய கொடியையும் நூலையும் எடுத்து, மேல்தளத்தைத் திறந்தே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். குளிரில் இருந்த படகு வீட்டுச் சூட்டுக்கு வந்ததும் உள்ளே முத்து முத்தாக ஈரம் படியும், மூடி வைத்தால் சர்வோவும் இணைப்புகளும் பச்சை பிடிக்கும். ஷாஃப்ட்டை உருவித் துடைத்துப் புது கிரீஸ் போடுங்கள். ஈய பேட்டரியை அன்றைக்கே முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள், தீர்ந்த நிலையில் கிடந்தால் அது கெட்டுப்போகும். லிப்போ என்றால் நேர்மாறு, செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள்.